கதைக்கு ஆகும்

1

இந்தக் கதை ஒரு டிக்கில் தொடங்கியது.

[இதற்கு முன் எழுதிய முதல் வரி: 'அன்று வானம் மூட்டமாக இருந்தது.' அடித்துவிட்டேன். கூச்சம் வந்தால் வானத்தைக் காட்டுவது என் வழக்கம்.]

குடும்ப நாவல்கள் எழுதுகிறவள் நான். வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுத முடியாமல் திணறியபோது நாத்தனாரை உதவிக்கு வைத்துக்கொண்டேன். கணவனைப் பிரிந்து வந்தவளுக்கும் ஒரு வேலை தேவையாக இருந்தது. என் மின்னஞ்சலில் 'வாசகர்கள்', 'வரைவுகள்' என்ற இரண்டு ஃபோல்டர்களை மட்டும் அவளுக்குத் திறந்துவிட்டேன். மற்றவற்றுக்கு, 'பெயர் மட்டும் தெரியும்' என்ற கட்டத்தில் டிக். பெயர் தெரிந்தால் குடியா முழுகிவிடும்?

2

முழுகியது.

பாத்திரங்களைப் பங்கு பிரித்த அன்று அவள் கணவன் குக்கரை எடுத்துக்கொண்டு மூடியை விட்டுவிட்டுப் போனான். அதை அவள் எனக்கு எழுதியிருந்தாள். என் கடைசி நாவலில் அது ஓர் அத்தியாயம். படித்துவிட்டு அவள் கோபிக்கவில்லை. "என் கஷ்டம் உங்க மனசுல நின்னிருக்கே அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனசில் இல்லை, ஃபோல்டரில். அவள் கடிதங்கள் எல்லாம் அங்கேதான். வீட்டில் அவளைப் பாப்பா என்போம். ஃபோல்டரின் பெயர்: 'பாப்பா – கதைக்கு ஆகும்.'

3

மேசையின் எதிர்ப்பக்கம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, குக்கர் மூடிக்கு இன்னிக்கும் மூணு பேர் அழுதிருக்காங்க. என்ன பதில் போட?"

"வழக்கம்போலப் போடு பாப்பா."

"'அனுபவிச்சு எழுதினேன்'னா? யார் அனுபவிச்சதுன்னு கேட்டா?"

சிரித்தாள். [சிரிக்கல, அண்ணி.]

"இடது பக்கம் என் பேர்ல ஒரு ஃபோல்டர் தெரியுது. தொட்டா அனுமதி இல்லைங்குது. என் லெட்டரைப் படிக்க எனக்கே பர்மிஷன் இல்லையா?"

"அது வந்து..."

"எல்லாமே ஆகுமா, இல்ல ஆகாததும் கொஞ்சம் இருக்கா?"

என் நாவலாக இருந்தால் இங்கே ஒருத்தி கதறுவாள், இன்னொருத்தி காலில் விழுவாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். தாகம் இல்லை.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஃபோல்டரை அவளுக்குத் திறந்துவிடுவது. ஆனால் அவள் மிகவும் உடைந்துபோய் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் நான் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது என்று.

பெயரை மாற்றுவது. மாற்றினேன், வெறும் 'பாப்பா'. அவள் திரையிலும் அது மாறியிருக்கும். பூசி மெழுகுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உறைத்ததும் பழையபடியே ஆக்கினேன்.

அவள் வேலையை விட்டுவிட்டு ஒருநாள் பெட்டியோடு... வேண்டாம். இதை எழுத மாட்டேன்.

இதற்குள் உங்களுக்குத் தோன்றியிருக்கும்: இதுவும் கதைக்கு ஆகிவிட்டது. எனக்கும் மூன்றாம் பகுதியை எழுதும்போதுதான் தோன்றியது. நிறுத்தவில்லை, அதுதான் இன்னும் கேவலம்.

அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதனால் இதை 'வரைவுகள்' ஃபோல்டரில் வைத்தேன். அனுமதி: படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். முடிவுக்கு இடம் விட்டேன்.

5

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அவள் அழிக்கவில்லை. அதை மன்னிப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. ஒரே ஒரு இடத்தில் திருத்தியிருக்கிறாள், பார்த்திருப்பீர்கள். அவள் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அப்படி இருந்தால்தான் எனக்கு வசதி.

முடிவுக்கு விட்ட இடத்தை அவள் தொடவில்லை. நானும் தொடப்போவதில்லை.

[                    ]