எலிகளுக்கு ஒரு பேரிக்காய்

படையலுக்கு வைக்கும் பேரிக்காயின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள் மல்சுன். கத்தி மொண்ணை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் இறுதிச் சடங்கு மண்டபத்தில் வேறு எப்படிப்பட்ட கத்தியைக் கொடுப்பார்கள்! தட்டில் ஒற்றைப்படையாக ஐந்து பழங்களை அடுக்கி, ஒருமுறைக்கு இருமுறை எண்ணிச் சரிபார்த்தாள். படையலில் இரட்டைப்படை வந்தால் அவள் யாரையும் விடமாட்டாள்.

வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே, படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார் கணவர் பியொங்சு. தேஜான் நகரில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். கல்லீரல் கட்டி நேற்று அவரைக் கொண்டுபோய்விட்டது.

மகள் இன்யங், துக்கத்துக்கு அடையாளமாகத் தலையில் வெள்ளை ரிப்பன் செருகி, வந்தவர்களுக்கு மாட்டுக்கறி சூப் பரிமாறிக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது.

இன்யங் ஆய்வகத்தில் செய்வது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள். கட்டிக்குள் புகுந்து சிவப்பாக ஒளிரும், காந்தம் இழுத்த பக்கம் போகும், சூடேற்றினால் கட்டியைப் பொசுக்கும். ஒருநாள் ஒரு குப்பியில் கொஞ்சம் கொண்டுவந்தாள். பியொங்சு விளக்கை அணைத்துவிட்டு, அவள் தந்த நீல டார்ச்சை அடித்து, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தால் அந்தச் சிவப்பு ஒளியை இங்கும் அங்கும் இழுத்து விளையாடினார். மறுநாள் டிப்போ முழுக்கத் தம்பட்டம். "எம்பொண்ணு வெளிச்சத்துக்கே ஸ்டியரிங் பிடிக்கிறாப்பா!"

நோய் முற்றியதும் மல்சுன் மகளிடம் கெஞ்சினாள். ஒரே ஒரு சொட்டு ஊசியில் ஏற்றிவிடச் சொல்லி. "மனுஷங்களுக்குப் போட அனுமதி இல்லம்மா" என்றாள் இன்யங். அன்றோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் கேட்டதெல்லாம் மல்சுனின் வசவுதான்.

ஆய்வகத்திலிருந்து சோவூன் என்ற பெண் வந்தாள். படத்தின் முன் இருமுறை விழுந்து வணங்கிவிட்டு இன்யங்கிடம் கிசுகிசுத்தாள்.

"அக்கா, நாளன்னிக்கு எலிகளுக்குப் படையல் இருக்குல்ல? நீங்க வர வேணாம். நாங்க பாத்துக்கறோம்."

ஆய்வில் செத்த விலங்குகளுக்கு வருடாவருடம் ஆய்வகத்தின் நினைவுக்கல் முன்னால் வைக்கும் படையல் அது. மல்சுன் கத்தியைப் போட்டாள்.

"செத்த எலிக்கெல்லாம் திவசம் பண்ணத் தெரியுது. அந்த எலிக்குக் குடுத்ததுல பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு குடுக்க மனசு வரல!"

சூப் உறிஞ்சியவர்கள் கரண்டியைத் தாழ்த்தினார்கள்.

"அம்மா, அந்த எலிங்க..." என்று ஆரம்பித்தாள் சோவூன்.

"சோவூன், வேணாம்."

"என்ன வேணாம்? நீ சொல்லும்மா."

"கட்டி கரைஞ்சுதும்மா. ஆனா துகளெல்லாம் கல்லீரல்ல போய்த் தங்கிருச்சு. ஒண்ணுகூடப் பிழைக்கல."

மல்சுன் மகளைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உன் வாயில எதும்மா நின்னிருக்கு? அன்னிக்கே அப்பா காதுக்குப் போயிருக்கும்." இன்யங் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தக் குப்பியத் தலகாணிக்கடியில வெச்சிக்கிட்டுத்தாம்மா தூங்கினாரு."

மாதக்கணக்கில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருந்தாள். எல்லாவற்றையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறாள் இந்தப் பெண். மல்சுனுக்கு வெட்கமாக இருந்தது. மகளின் கையிலிருந்த சூப் கரண்டியைப் பிடுங்கினாள்.

"காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிச்சியா நீ? உக்காரு."

கிண்ணம் நிறைய ஊற்றி மகளின் முன்னால் வைத்தாள். பிறகு படையல் தட்டிலிருந்து இருப்பதிலேயே பெரிய பேரிக்காயை எடுத்து, காகிதத்தில் சுற்றி சோவூனின் கையில் திணித்தாள்.

"எலிகளுக்கு. தல சீவியிருக்கு, அப்படியே வெச்சிரு."

பியொங்சுவின் முன்னால் நான்கு பழங்கள்தான் மிச்சம். மல்சுன் இன்னொன்றைச் சீவவில்லை.