துணைக் குதிரைப்படையின் வெற்றி

கதிரடிக்கும் இயந்திரம் வந்து குளிர்கால வேலையைப் பறித்ததும், ஹோல்ட்பரி கிராமத்துக் கூலியாட்கள் அதை உடைக்கச் சம்மட்டியோடு கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் கலைக்கத் துணைக் குதிரைப்படைக்கு அழைப்பு வந்தது. அந்தப் படையில் இருந்தவர்களெல்லாம் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான். ஆம்ப்ரோஸ் டக்கெட்டும் சீருடை மாட்டிக்கொண்டு தன் பண்ணைக் குதிரையில் ஏறிப் போனான்.

பாய்ந்து போன குதிரை, கூட்டத்தின் நடுவே ஒருவன் முன்னால் சட்டென்று நின்று, அவன் தோளில் முகத்தை உரசியது. அவன் ஜோப் லவல். அதைக் குட்டியிலிருந்து வளர்த்த, ஆம்ப்ரோஸின் சொந்தப் பண்ணையாள்.

"என்னடா டக்கெட், உன் குதிரையும் கலகக்காரங்க பக்கம் சேந்துடுச்சா?" என்று பின்னாலிருந்து படைக்காரர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு தாங்காமல் ஆம்ப்ரோஸ் வாளை வீசினான். தடுக்கத் தூக்கிய ஜோப்பின் கையில் இரண்டு விரல்கள் போயின.

அன்று மாலை சத்திரத்தில் தளபதி ஆம்ப்ரோஸின் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் தன் பீரைத் தொடவேயில்லை.

திங்கட்கிழமை ஜோப் கையில் கட்டோடு லாயத்து வாசலில் வந்து நின்றான்.

"எஜமான், ஒத்தக் கையால தீனி வைக்க முடியும். வேலைய விட்டு நிறுத்திடாதீங்க. புள்ளைங்க இருக்கு."

ஆம்ப்ரோஸ் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான். "சரி, போய் வேலையப் பாரு" என்றுதான் சொல்ல முடிந்தது. ஜோப்பின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.