நாலு இழைக்கு ஒரு முடிச்சு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்று மதியம் அதுவே என் மானத்தை வாங்கிவிட்டது.

எங்கள் துர்க்மென் ஊர்களில் பெண் கேட்கப் போனால் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் நெய்த கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்போம். மேலே கத்தரித்துவிட்ட கம்பளி எல்லாக் குறையையும் மூடிவிடும், அடிப்பக்கம் மூடாது.

என் மகன் துர்திக்கு மைசாவைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கும் அவளை விட மனசில்லை. அதனால்தான் மகள் ஒகுல்ஜானையும் இரண்டு சொந்தக்காரப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மைசாவின் அம்மா பேகுல் பச்சைத் தேநீர் வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டுக் கெத்து என்று ஒன்று இருக்கிறதே, சும்மா தலையாட்டிவிட்டு வர முடியுமா? கம்பளத்தைக் கவிழ்த்துத் தடவினேன். நடுவே ஒரு சாண் அளவுக்கு முடிச்சுகள் தட்டையாகக் கிடந்தன. தறியில் நெடுக்காக ஓடும் இரண்டு பாவு இழைக்கு ஒரு முடிச்சு போட வேண்டிய இடத்தில், நாலு இழையைச் சேர்த்து ஒரே முடிச்சு. பாதி வேலை, பாதிக் கம்பளி. சீக்கிரம் தேய்ந்துபோகும்.

“என்ன பேகுல், உம் பொண்ணு இப்பவே ஏமாத்தக் கத்துக்கிட்டாளா?” என்றேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. “மாமியாருக்கு ரொட்டியும் பாதி வெந்ததுதான் போலிருக்கு.”

மைசா தலையைக் குனிந்துகொண்டாள். பேகுல் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அது மைசா கை இல்லக்கா. குளிர்காலத்துல இவ காய்ச்சல்ல படுத்துட்டா. உங்க ஒகுல்ஜான்தான் ஒத்தாசைக்கு வந்து அந்த எடத்துல முடிச்சு கட்டிக் குடுத்தா. அப்பவே பிரிச்சிடலாம்னு சொன்னேன். உதவிக்கு வந்தவள அவமானப்படுத்தக் கூடாதுன்னு இவதான் விடல.”

நான் மகளை முறைத்தேன். “ஏண்டி, இப்படியா கட்டுவ?”

“நீ சொல்லிக் குடுத்ததுதானேம்மா.” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வியாபாரி எங்க திருப்பிப் பாக்கப் போறான், நாலு இழையாப் பிடின்னு நீதானே சொல்லுவ. எனக்கு வேற மாதிரி கட்டத் தெரியாதே.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மைசாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டே, “தப்பா நெனச்சுக்காத பேகுல். பொண்ணக் குடு,” என்றேன்.

“குடுக்கறதுக்கென்ன,” என்றாள் பேகுல், குரலை உயர்த்தாமல். “நீங்களும் ஒரு கம்பளம் நெய்து எடுத்துட்டு வாங்கக்கா. நான் திருப்பிப் பாக்கறேன். அப்புறம் பேசலாம்.”