நாலாம் சேம்பர்

மார்க்கையன்கோட்டை விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ரிஸ்வானாவின் போன் மறுபடி அடித்தது. ஆடிக் காற்று துப்பட்டாவைத் தூக்கி முகத்தில் அறைந்தது. ஒரு கையில் டூல் பை, தோளில் லேப்டாப். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்கனம்மா இருக்க?" என்றார் ஞானசிகாமணி.

"இறங்கிட்டேன் சார். நடந்து வந்துக்கிட்டே இருக்கேன்."

"நடக்க வேணாம், அங்கனயே நில்லு. கர்ணனை வண்டியோட அனுப்புறேன்."

நிற்கிற மனநிலையில் அவள் இல்லை. நடந்தாள். இதே இடத்துக்கு இதே புகாருக்காக வருவது முதல் தடவை அல்ல. போன தடவை சென்சாரை மாற்றினாள். அதற்கு முந்தின தடவை பவர் சப்ளையை மாற்றினாள். இரண்டு தடவையும் எல்லாம் ஒழுங்காக ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். உத்தமபாளையத்தில் வீட்டுக்குத் திரும்பி நாலைந்து நாளில், அடுத்த லோடு பழுத்து வெளியே வந்ததுமே போன் வந்துவிட்டது. ஆள் வந்து பார்க்கும்போது மட்டும் ஒளிந்துகொள்கிற கோளாறு போல மனசை அரிக்கிறது வேறு எதுவும் அவள் பார்க்கிற சர்வீஸ் வேலையில் கிடையாது. இரண்டு வாரமாகச் சோறு தின்னும்போதுகூட அவளுக்கு அந்த வயர்கள்தான் கண்ணுக்குள் ஓடின.

பாதி வழியில் கர்ணன் எதிரே வந்து வண்டியைத் திருப்பினான். வாழைக்காய் பழுக்க வைக்கும் சேம்பர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அவன்தான்.

"மொதலாளி கொதிச்சுப் போயிருக்காக," என்றான். "கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

ஞானசிகாமணிக்குத் தேனி பஜாரில் அப்பா காலத்துப் பழ மண்டி. சின்னமனூரைச் சுற்றி விளைகிற பச்சை வாழையைக் கார்பைடு கல் வைக்காமல் முறையாகப் பழுக்க வைத்து மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்கு அனுப்பலாம் என்று கடன் உடன் வாங்கி இந்த இடத்தைக் கட்டியிருந்தார். வரிசையாக நாலு அறைகள். காற்றுப் புகாத கதவுகள். கூடை கூடையாகக் காயை உள்ளே அடுக்கி, பழுக்க வைக்கும் வாயுவை அளவாக விட்டு, சூட்டையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைத்தால் நாலைந்து நாளில் எல்லாச் சீப்பும் ஒரே மஞ்சளாக வரும். வரவேண்டும்.

"வரலியேம்மா," என்றார், அவள் உள்ளே நுழைந்ததுமே. "ஒண்ணும் ரெண்டும் தங்கமா வருது. மூணும் நாலும் மேல மஞ்சள், கீழ பச்சை. கோட்டயத்துக்காரன் லாரியைத் திருப்பி விட்டுட்டான். கல்லு வச்சுப் பழுக்க வச்ச காலத்துலகூட எனக்கு இந்த அவமானம் வந்ததில்ல."

"இன்னைக்குக் கண்டுபிடிக்காமப் போகமாட்டேன் சார்."

"போன தடவையும் இதத்தான சொன்ன?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு, நின்றபடியே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள்.

அந்த ஏற்பாடு சிக்கலானது இல்லை. ஒவ்வொரு சேம்பரின் வெளிச்சுவரிலும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இருக்கும் சூடு, ஈரம், கரியமில வாயு மூன்றையும் அது அளக்கும். நாலு பெட்டியையும் ஒரே கேபிள் கோத்து ஆபீஸுக்குக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டு, உன்னிடத்தில் என்ன நிலவரம் என்று கேட்கும். பெட்டி பதில் சொல்லும். பழுக்கிற காயும் மூச்சு விடும். அது விடுகிற கரியமில வாயு கூடிப்போனால் கம்ப்யூட்டர் தானே புகைபோக்கி விசிறியைப் போட்டு வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் காய் பழுக்காது. மனுசனும் உள்ளே மூச்சு விட முடியாது.

திரையில் நாலு கட்டம். நாலும் பச்சை, உள்ளே எல்லாம் சரி என்று அர்த்தம்.

ரிஸ்வானா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் சேம்பரில் சூடு பதினாறு புள்ளி நாலு. கொஞ்ச நேரத்தில் ஐந்து. மறுபடி நாலு. இரண்டாம் சேம்பரிலும் கடைசி இலக்கம் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. மூன்றிலும் நாலிலும் எந்த எண்ணும் அசையவில்லை.

"கர்ணண்ணே, இது எப்ப இருந்து இப்படி நிக்குது?"

"காலைல நான் வந்ததுல இருந்து அதேதான். கச்சிதமா நிக்குது பாருங்க."

"கச்சிதமா நிக்கக் கூடாதுண்ணே. காத்து ஓடுற ரூம்ல எந்த நம்பரும் இப்படி நிக்காது."

லேப்டாப்பைக் கேபிளில் செருகினாள். கேள்வியும் பதிலும் ஓடுவதைத் தனியாகப் பார்க்க அவளிடம் ஒரு புரோகிராம் இருந்தது. ஒன்று, இரண்டு, ஒழுங்கான பதில். மூன்று, குப்பை. நாலு, குப்பை. மறுபடி கேள்வி, மறுபடி குப்பை. பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். நேற்றுச் சாயங்காலத்தில் இருந்து அந்த இரண்டு பெட்டிகளிடமிருந்து உருப்படியான ஒரு பதிலும் வந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் உடைந்த பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு, கடைசியாக வந்த நல்ல எண்ணையே திரையில் காட்டிக்கொண்டிருந்தது. கரியமில வாயு குறைவு என்று அதுவும் நம்பியது. அதனால் நேற்றிலிருந்து விசிறியைப் போடவே இல்லை.

இராத்திரி முழுக்க மூடிக் கிடந்த அறை. உள்ளே டன் கணக்கில் மூச்சு விடுகிற காய்.

"அண்ணே, மூணுக்கும் நாலுக்கும் இப்ப யாரும் உள்ள போகக் கூடாது. எல்லார்ட்டயும் சொல்லுங்க."

"மூக்கம்மா இப்பத்தான் சாம்பிள் சீப்பு எடுக்க நாலுக்குப் போச்சு."

ரிஸ்வானா ஓடினாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்றது. குளிர் போய்விடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவதுதான் அங்கே வழக்கம். கர்ணனும் அவளும் சேர்ந்து கைப்பிடியை இழுத்தார்கள். கதவு திறந்ததும் பழ வாசனையோடு மூக்குக்குள் சுருக்கென்று ஒரு எரிச்சல் ஏறியது. கூடை அடுக்குகளுக்கு நடுவில் மூக்கம்மாள் ஒருக்களித்துக் கிடந்தாள். கை ஒரு கூடையைப் பிடித்தபடி இருந்தது.

கர்ணன் பாய்ந்தான். ரிஸ்வானா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க! உள்ள மூச்சு விடாதீக! விட்டா நீங்களும் விழுந்துருவீக!"

இருவரும் வெளியே நின்று நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள். சேலை ஒரு கூடையில் மாட்டிக் கிழிந்தது. நிற்கவில்லை. வெளியே லாரி ஏற்றும் மேடையில் காற்று அடிக்கிற பக்கமாகக் கிடத்தினார்கள். ரிஸ்வானா முகத்தைத் தட்டினாள். "அக்கா, அக்கா, மூச்சு விடுங்க." உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் ரிஸ்வானாவுக்கு எவ்வளவு நேரம் என்றே தெரியவில்லை. பிறகு மூக்கம்மாள் ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். புரண்டு வாந்தி எடுத்தாள்.

கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தவள் முதலில் சொன்னது இதைத்தான்.

"திரையில பச்சைதான எரிஞ்சுச்சு தாயி? பாத்துட்டுத்தான போனேன்..."

ஞானசிகாமணி தன் காரிலேயே அவளைச் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் ஏறிக்கொண்டார்கள். கார் போனதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "காலைல வெறும் வயித்தோட வந்திருப்பா," என்றார். அவர் குரலிலேயே அது பொய் என்பது தெரிந்தது.

ரிஸ்வானா கர்ணனைப் பார்த்தாள். "நேத்துச் சாயங்காலம் என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல. லோடு ஏத்தி முடிச்சோம். உள்ள காத்தச் சுத்த விடுற ஃபேன் வேகத்தக் கூட்டி வச்சேன், அவ்வளவுதான்."

"வேகத்தக் கூட்டவா? அதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"டிரைவ்தான், மோட்டார் வேகத்தக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. மூணுக்கும் நாலுக்கும் போன மாசம் புதுசா மாட்டுனோம்."

அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நான் ரெண்டு தடவை வந்தப்பவும் இது ஓடலியே?"

"நீங்க வேலை பாக்க வர்றீகன்னுதான் சேம்பரைக் காலி பண்ணி, ஃபேனை நிறுத்தி வச்சிருந்தோம்," என்றான் கர்ணன், பாவமாக.

"மூணாம் சேம்பர் டிரைவை ஆஃப் பண்ணுங்க. சார், நீங்க திரையைப் பாருங்க."

கர்ணன் சுவிட்சை அணைத்தான். உள்விசிறி உறுமி அடங்கியது. மூன்றாம் சேம்பரின் எண்கள் ஒரு கணம் அப்படியே நின்றன, பிறகு எல்லாம் ஒன்றாகத் தாவின. ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்த கரியமில வாயு ஒரேயடியாக ஒன்பதைத் தாண்டிப் போய் நின்றது. கட்டம் சிவந்தது. சைரன் அலறியது. புகைபோக்கி விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

ஞானசிகாமணி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுக்குள்ளயா அவ போனா?"

"இது மூணு சார். நாலுல இதவிடக் கம்மியா இருந்திருக்காது."

அவர் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்தார், போடாமல் மறுபடி பைக்குள் வைத்தார்.

டிரைவை மாட்டிய எலக்ட்ரீஷியன் மோட்டார் வயரையும் டேட்டா கேபிளையும் ஒரே கேபிள் தட்டில் சேர்த்துக் கட்டியிருந்தார். மோட்டாருக்குப் போகிற மின்சாரம் போடுகிற இரைச்சலில் பெட்டிகளின் மெல்லிய குரல் மூழ்கிப்போனது. அந்த இரைச்சலைத் தடுக்கவேண்டிய கேபிளின் உறையை இரண்டு முனையிலும் எர்த் பண்ணியிருந்தார்கள், அதனால் அதுவே இரைச்சலை ஏந்தி வந்தது. சிக்னல் எதிரொலிக்காமல் இருக்கக் கடைசிப் பெட்டியில் மாட்டவேண்டிய ரெசிஸ்டரும் இல்லை. மதியம் முழுக்க அவளும் கர்ணனும் எதிர்ச் சுவர் வழியாகப் புதுக் கேபிள் இழுத்தார்கள். உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணி, ரெசிஸ்டரை மாட்டினாள். உள்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். நாலு கட்டத்திலும் எண்கள் துள்ளின.

கோளாறு சரியாகிவிட்டது. ஆனால் அவளுக்கு அடங்கவில்லை. கேபிளை நாளைக்கு எலி கடிக்கும். அப்போதும் திரை பச்சையைத்தான் காட்டும்.

மதுரையில் இருக்கும் தன் முதலாளி வைகுண்டராஜைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க?" என்று முதலில் கேட்டார்.

"ஆஸ்பத்திரில இருக்காங்க சார். கண் முழிச்சுட்டாங்க. சார், பதில் வராட்டா பழைய நம்பரைப் பிடிச்சு வைக்குதுல்ல, அதை எடுக்கணும். சேம்பர் ஒரு நிமிசம் பேசலைன்னா கட்டம் சிவக்கணும், சைரன் அடிக்கணும், விசிறி ஓடணும்."

"ரிஸ்வானா, அது தெரியாமப் பண்ணினது இல்ல. லைன்ல சின்னதா ஒரு தடங்கல் வந்தாலும் திரையில நம்பருக்குப் பதிலா கோடு கோடா வரும். கஸ்டமர் பயந்து போன் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. அதான் அப்படி வச்சோம்."

"பயப்படட்டும் சார்."

"பேசி முடிவு பண்ணலாம். இப்ப எதையும் தொடாத. மொதல்ல ஆபீஸுக்கு வா."

"தொட்டுட்டேன் சார். இங்கன மாத்தியாச்சு." அவள் லேப்டாப்பை மடக்கிப் பைக்குள் வைத்தாள். "இதே புரோகிராம் நம்ம எத்தனை இடத்துல போட்டிருக்கோம்? சுருளிப்பட்டில இருக்கு. கூடலூர்ல இருக்கு. போடில இருக்கு. அங்கயும் ஆளுங்க பச்சையைப் பாத்துட்டுத்தான உள்ள போறாங்க?"

லைன் அறுந்தது. அவராக வைத்தாரா, சிக்னல் போனதா என்று தெரியவில்லை.

சின்னமனூரில் மதுரை பஸ் ஒன்று காலியாக நின்றது. ரிஸ்வானா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம், சுருளிப்பட்டிக்கும் கூடலூருக்கும் வழியான கம்பம் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடலூர்க்காரரைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. போடியில் எடுத்த பெண் "சார் வெளிய போயிருக்காக" என்றாள். "யாரும் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காத்தாட விடாம உள்ள போக வேணாம், எழுதி ஒட்டிருங்க" என்று ரிஸ்வானா பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். உத்தமபாளையம் வந்தது. அவள் தெரு ஜன்னல் வழியே தெரிந்தது. இறங்கவில்லை.

கம்பம் நெருங்கும்போது ஞானசிகாமணி கூப்பிட்டார்.

"பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாக. தலைவலி மட்டும் கொஞ்ச நாளைக்கு இருக்குமாம். நான் இங்கனதான் கூட இருக்கேன். இனிமே சேம்பருக்குள்ள கால் வைக்க மாட்டேங்கிறா. வைக்க வேணாம்னு நானும் சொல்லிட்டேன். வெளிய தரம் பிரிக்கட்டும்."

"சரி சார்."

"ஏம்மா, காலைல உன்னையப் பேசினது..."

"அத விடுங்க சார். மத்தவுகளும் ரெண்டு பேராப் போகணும், கதவைத் திறந்து வச்சுட்டுத்தான் போகணும். அத மட்டும் பாத்துக்கங்க."

சுருளிப்பட்டியில் ரபீக்கின் பழக் குடோன் மெயின் ரோட்டிலேயே இருந்தது. இரண்டே சேம்பர். சொல்லாமல் வந்தவளைப் பார்த்து ரபீக் ஆச்சரியப்பட்டார். "எல்லாம் நல்லாத்தானம்மா ஓடுது? யார் புகார் சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. கேபிளக் காட்டுங்க."

கேபிள் சுத்தமாகத்தான் இருந்தது. பக்கத்தில் எந்த மோட்டார் வயரும் இல்லை. ஆனாலும் புரோகிராமை மாற்றினாள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பெட்டியின் வயரைத் தானே கழற்றினாள். சைரன் அலறியதும் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரபீக் காதைப் பொத்திக்கொண்டு, "அடிக்கடி இப்படி அடிக்குமா?" என்றார்.

"அடிச்சா உடனே எனக்குப் போன் பண்ணுங்க. ஆளை உள்ள விடாதீக."

அவர் மனைவி ரம்லத் புரோட்டாவும் சால்னாவும் கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ரிஸ்வானாவுக்கு ஞாபகம் வந்தது. நின்றபடியே பிய்த்துத் தின்றாள். பாதியில் போன் அடித்தது. வைகுண்டராஜ்.

"எங்க இருக்க?"

"சுருளிப்பட்டில சார்."

வேலை போய்விட்டது என்று சொல்லப்போகிறார் என நினைத்து, கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தாள்.

"நான் உசிலம்பட்டி தாண்டிட்டேன்," என்றார் அவர். "போடிக்கு நான் போறேன். நீ பண்ணின மாத்தத்தை எனக்கு மெயில்ல அனுப்பு. ராத்திரிக்குள்ள கூடலூரை முடிச்சிருவியா?"

"முடிச்சுருவேன் சார்."

ரம்லத் இன்னொரு புரோட்டாவை எடுத்து வைக்கும் முன் அவள் கையைக் கழுவிவிட்டு, டூல் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். எதிரே வந்த ஆட்டோவைக் கை நீட்டி மறித்தாள்.