கால் தேறிய பிள்ளை

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். சேதுபதிக்கும் சந்திரமதிக்கும் இந்தப் பழமொழி தெரியாமல் இல்லை. ஆனாலும் தலைப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து இருவரும் அதன் முகத்தைப் பார்த்ததைவிடக் காலைப் பார்த்ததுதான் அதிகம். முகத்தில் ஒரு குறையும் இல்லை. கால்கள்தான் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, கும்பிடு போடுவதுபோல் சேர்ந்திருந்தன. நீட்டிவிட்டால் நீளும், கையை எடுத்தால் மறுபடியும் சுருண்டுகொள்ளும்.

தேக்காவில் எருமை ரோட்டு மாடி ஒன்றில் பலகை வைத்துத் தடுத்த அறை அவர்களுடையது. சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயரை மாற்றி ஜப்பான்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். நல்ல காலமாக இருந்திருந்தால் சந்திரமதி கப்பலேறி நாகப்பட்டினத்தில் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருப்பாள். அங்கே நாலு பெண்கள் சுற்றி நின்று, "எல்லாப் பிள்ளையும் இப்படித்தாண்டி பொறக்கும், போடி பைத்தியக்காரி" என்று சிரித்து விஷயத்தை முடித்திருப்பார்கள். இப்போது கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. வந்த மருத்துவச்சி கொடியை அறுத்து, பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுப் பிரசவத்துக்கு ஓடிவிட்டாள். புருஷன் பெண்டாட்டி இருவருமே அவரவர் வீட்டில் கடைக்குட்டிகள். பச்சைக் குழந்தையைத் துணியில்லாமல் பார்த்து அறியாதவர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இவர்களுக்காகவே சொன்னது.

சந்திரமதியிடம் காரணமும் தயாராக இருந்தது. நிறைமாத வயிற்றோடு ரேஷன் வரிசைக்குப் போனபோது, முச்சந்தியில் நின்ற ஜப்பானியச் சிப்பாய்க்கு அவளால் சரியாகக் குனிந்து வணக்கம் சொல்ல முடியவில்லை. வயிறு இடித்தது. அவன் அவளைத் தார் ரோட்டில் முட்டி போடவைத்தான். வெயில் சாயும்வரை எழுந்திருக்க விடவில்லை.

"அன்னிக்கு நான் முட்டி போட்டப்ப உள்ள அவனும் காலை மடக்கிட்டாங்க. அப்புறம் நீட்டவே இல்ல. எல்லாம் என்னாலதான்" என்று அவள் அழுதாள்.

"சும்மா இரு. கால் கோணலா இருந்தா நல்லதுதான். சயாமுக்கு ரயில் பாதை போட இவனைப் பிடிச்சிட்டுப் போகமாட்டான்" என்றான் சேதுபதி.

வேடிக்கையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு இருவரும் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். போன வாரந்தான் லாரி ஒன்று சந்தை ஓரமாக வந்து நின்று, கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. ஓடத் தெரிந்தவர்கள் பின்சுவர் ஏறிக் குதித்துத் தப்பினார்கள். ஓட முடியாதவர்கள் போனவர்கள்தான். இந்த ஊரில் கால் இல்லாமல் ஒரு பிள்ளை எப்படிப் பிழைக்கும்?

மற்றப் பிள்ளைகளின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் மனம் ஆறும் என்று சேதுபதிக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்த் தூணோரம் நின்றுகொண்டு, கைக்குழந்தையோடு வரும் பெண்களையெல்லாம் உற்றுப் பார்த்தான். பெருமாளை ஒரு தடவையாவது ஏறிட்டுப் பார்த்தானோ என்னவோ. ஒருத்தி முந்தானையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள். இன்னொருத்தி, "கண்ணு வைக்கிறான் பாரு கட்டையில போறவன்" என்று அவன் காதில் விழும்படியே சொன்னாள். ஒரு காலைக்கூட முழுசாகப் பார்க்காமல் வீடு திரும்பினான்.

கீழ்வீட்டு முத்தாயிதான் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தாள். அவளுடைய புருஷன் துரைசாமிக்கு மாட்டுவண்டி. வீடு நிறையப் பிள்ளைகள். மடியிலும் ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. கால்களை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை அவற்றின்மேல் கிடத்தி, தேங்காயெண்ணெயைத் தடவி, இரண்டு காலையும் தொடையிலிருந்து பாதம்வரை உருவி உருவி விடுவாள்.

"அக்கா, கால் கோணலாத்தானே இருக்கு? மறைக்காம சொல்லுங்க" என்பாள் சந்திரமதி.

"பொறந்ததும் நேரா நிக்கிறதுக்கு இது என்ன விளக்குக் கம்பமா? எல்லாம் தானா சரியாயிடும்டி."

முத்தாயி சொன்னது உண்மைதான். ஆனால் அவள் எதற்குமே இதைத்தான் சொல்வாள். நகரத்தில் முதல் குண்டு விழுந்தபோதும், "எவனோ பட்டாசு வெடிக்கிறான், தூங்குங்க" என்றவள் அவள். அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

ஆகையால் சேதுபதி ஒரு முடிவுக்கு வந்தான். பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் பால் நன்றாக ஊறும். பால் ஊறினால் பிள்ளைக்குக் கால் தேறும். அவனுக்கு ஆற்றங்கரைக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. அரிசி மூட்டைகள் ஏறி இறங்குகிற இடம். எருமை ரோடு முழுவதும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தபோது, அவன் மேற்பார்வையாளனின் கையைக் காலைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்து, ஜப்பான் அதிகாரிகளுக்கென்று ஒதுக்கிய தீட்டிய வெள்ளை அரிசியைக் கொண்டுவந்தான். மல்லிகைப்பூப்போல அரிசி. கெடாமலிருக்கச் சுண்ணாம்பு கலந்திருந்ததால் வாடை மட்டும் அடித்தது. சந்திரமதி அதைத் தண்ணீர் பளிங்காகும்வரை அலசி அலசிக் கழுவி, உலையில் போட்டு, கஞ்சியை ஒட்ட வடித்தாள். அந்தக் கஞ்சி கீழே முத்தாயியின் பிள்ளைகளுக்குப் போயிற்று.

சோற்றுக்கு மிளகுத்தண்ணீரும் சுட்ட கருவாட்டில் ஒரு துண்டும். அவ்வளவுதான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பத்தியம்தானே? பயறு வாயு. கீரை குளிர்ச்சி. கிழங்கு கரப்பான். சேதுபதி தாய்வீட்டுக்காரர்கள் இல்லாத குறையைத் தானே தீர்ப்பதுபோல், அம்மாவும் அத்தையும் சொல்லக் கேட்ட பத்தியத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் நடத்தினான். அந்த வெள்ளை அரிசியில் ஒரு பருக்கையை அவன் தன் வாயில் போட்டதில்லை. கிட்டங்கியில் கூலிகளுக்கு ஊற்றும் பச்சைப்பயற்றுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ராத்திரி கிழங்கைத் தின்று படுத்துக்கொள்வான்.

ஒருநாள் முத்தாயி தவிட்டு ரொட்டி சுட்டு எடுத்துவந்தாள். மாட்டுக்கு வாங்கியதில் கொஞ்சம் எடுத்துச் சுட்டது.

"கிராணித் தம்பி, இது நல்லாத்தான் இருக்கு. நாங்க எல்லாம் இதைத்தான் திங்கிறோம். அவளுக்கும் ஒண்ணு குடுங்க."

"எருமை ரோட்டுல இருந்தா எருமை ஆயிடணுமா அக்கா? எம்பொண்டாட்டிக்குத் தவிடு திங்கிற நிலைமை இன்னும் வரல" என்றான் சேதுபதி.

முத்தாயி ரொட்டியைத் தன் பிள்ளைகளிடம் கொண்டுபோனாள்.

பிள்ளைக்குப் பாலகிருஷ்ணன் என்று பெயரிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவர்களுடைய வேண்டுதல் கண்முன்னே பலிக்கத் தொடங்கியது. வளைந்திருந்த கால் மெல்ல மெல்ல நேரானது. குச்சியாக இருந்த முழங்கால் உருண்டது. பாதம் இரண்டும் மேலே உப்பிப் பளபளவென்று பன்னுபோல் ஆயின. சந்திரமதி அந்தக் காலைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். சேதுபதி வேலைவிட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் காலைத்தான் பிடித்துப் பார்ப்பான்.

"பாரு சந்திரா, நாள் ஏற ஏறத் தேறுறான்."

"ஊசிபோட்டாத் தெறிச்சிடும்போல இருக்குங்க!"

சிரித்தார்கள். அந்த அறையில் வெகுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு அது. எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

பிள்ளை சமர்த்தாகவும் ஆகிவிட்டான். முன்பெல்லாம் வீடு கிடுகிடுக்க அழுவான். ரோந்து வரும் சிப்பாய்க்குக் கேட்டுவிடுமோ என்று சந்திரமதி அவன் வாயை மார்போடு அணைத்துக்கொள்வாள். இப்போது தொண்டை கட்டினதுபோல் ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. முகம் சுருங்கும், வாய் திறக்கும், அவ்வளவுதான். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் கக்கிவிட்டு, மூச்சு வாங்கியபடி கிடப்பான். "காலத்தைத் தெரிஞ்ச பிள்ளை" என்று சந்திரமதி பெருமைப்பட்டாள்.

அவளுடைய காலும் வீங்கித்தான் இருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு அது சகஜம் என்று எண்ணி அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சின்மேல் நடப்பதுபோல் தரை மெத்தென்று இருந்தது. ஒருநாள் தண்ணீர் எடுத்துத் திரும்பியவள், மாடிப்படி ஏறி அறைக்குள் வந்த பிறகுதான் ஒரு செருப்பு கீழேயே கழன்று கிடப்பதைக் கவனித்தாள். கழன்றது காலுக்குத் தெரியவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைக்குத் தண்டை போட நினைத்தார்கள். சந்திரமதி குழந்தையில் போட்டிருந்த வெள்ளித் தண்டை. அவள் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். பாதத்தில் ஏறவில்லை. சேதுபதி எண்ணெய் தடவி, "குண்டுப் பயலே" என்று கொஞ்சிக்கொண்டே மெல்ல ஏற்றினான். கணுக்காலில் அது இறுக்கிப் பிடித்தது. வலிக்குமே என்று உடனே கழற்றிவிட்டான்.

தண்டை இருந்த இடத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சேதுபதி அதை விரலால் நீவினான். விரல் பட்ட இடமும் குழிந்தது. சதை மேலே வரவில்லை. அவன் காத்திருந்தான். குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல் இருந்தது.

"என்னங்க?" என்றாள் சந்திரமதி.

"ஒண்ணுமில்ல. துணியை மாத்திட்டுக் கிளம்பு. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்."

சிலிகி ரோட்டில் அம்பலவாணர் என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். மருந்து அலமாரி காலியாகிப் போனாலும் காலையில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார். அவர் பிள்ளையின் காலை ஒருமுறை அழுத்திப் பார்த்ததோடு சரி. பிள்ளை வாய் திறந்து அழுதான், சத்தம் வரவில்லை. பிறகு நெஞ்சிலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சந்திரமதியின் பாதங்களைப் பார்த்தார்.

"பிள்ளையை அவரிட்டைக் குடுத்திட்டு, ஒருக்கா குந்தியிருந்து எழும்புங்கோ பாப்பம், தங்கச்சி."

சந்திரமதி குந்தினாள். எழுந்திருக்க முடியவில்லை. மேசைக்காலைப் பிடித்து எழுந்து, வெட்கத்தோடு சிரித்தாள்.

"சரி, பிள்ளையோட வெளியில வாங்கில காத்தாட இருங்கோ. இவர் வருவார்."

அவள் போனதும் டாக்டர் கேட்டார்: "மனுசி என்ன சாப்பிடுறவ?"

அந்தக் கேள்விக்குத்தானே சேதுபதி இத்தனை நாள் பாடுபட்டான்! "வெள்ளைச் சோறு மட்டுந்தான் டாக்டர். நல்லாக் கழுவி, கஞ்சி வடிச்சு. கிழங்கு ஒரு துண்டுகூட அவ நாக்குல பட்டதில்ல."

"பயறு, பருப்பு?"

"வாயு டாக்டர். பச்ச உடம்பு."

"கீரை?"

"குளிர்ச்சியாச்சே."

"நீங்கள் என்ன சாப்பிடுறனீங்கள்?"

"நான் என்னத்தையோ திங்கிறேன். கிட்டங்கியில பயத்தங்கஞ்சி ஊத்துறான்."

டாக்டர் குனிந்து சேதுபதியின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். சதை உடனே நிமிர்ந்தது.

"உங்களுக்கு ஒண்டுமில்லை" என்றார். அதைச் சொல்லவே அவருக்குப் பிடிக்காததுபோல் இருந்தது. "தம்பி, இது பெரிபெரி. தீட்டின அரிசியில சத்து இல்லை. அதையும் கழுவி வடிச்சால் மிச்சம் என்ன? தாயின்ர உடம்பில இருந்ததெல்லாம் போயிட்டுது. பால் சுரக்குது, ஆனால் அந்தப் பாலைக் குடிச்சுக் குடிச்சுத்தான் பிள்ளைக்கு இந்த வீக்கம். நெஞ்சும் வீங்கியிட்டுது. சத்தம் அடைச்சதும் அதாலதான்."

"கால் தேறுச்சுன்னு நெனச்சோம்..." என்றான் சேதுபதி.

"கால் எல்லாப் பிள்ளையளுக்கும் தன்பாட்டில நேராகும். அதில ஒரு குறையும் இருக்கேல்லை."

"ஊசி போடுங்க டாக்டர்."

"இருந்தால் கேக்க முதலே போட்டிருப்பன். மனுசிக்கு இண்டைக்கே தவிடும் பயறும் குடுங்கோ. பிள்ளைக்குத் தவிட்டைக் கொதிக்கவைச்சு இறுத்த தண்ணியைக் கரண்டியால பருக்குங்கோ. எல்லாத்துக்கும் முதல் தாய்ப்பாலை நிப்பாட்டுங்கோ. இந்த நிமிசத்தில இருந்து. ஒரு வாய்கூடக் குடுக்கப்படாது."

"பிழைச்சிடுவானா?"

டாக்டர் எழுந்து கதவைக் காட்டினார். "கெதியாப் போங்கோ, நேரமில்லை" என்று மட்டும் சொன்னார்.

சேதுபதி வெளியே வந்தான். தெருவில் வெயில் ஏறியிருந்தது. நடைபாதை ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்து சந்திரமதி முந்தானையால் மூடிக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் நிறைந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை அவன் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"கக்காம குடிக்கிறாங்க, இன்னிக்குத்தான். டாக்டர் என்ன சொன்னாரு? கால் நல்லா இருக்காமா?"

"நல்லா இருக்காம்" என்றான். குனிந்து, முந்தானைக்குள் கையை விட்டு, பிள்ளையின் வாயை அவள் மார்பிலிருந்து விலக்கி, அவனைத் தன் தோளுக்கு எடுத்தான்.

சந்திரமதி ஒரு கணம் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"பசியில குடிக்கிற பிள்ளைங்க அது! பெத்த அப்பன் அதை ஏன் பிடுங்குறீங்க?"