வள்ளிநாயகி பேருக்கு வந்த தபால்

சாவு மேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போதே தபால்காரர் வந்து நின்றார். வள்ளிநாயகி அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

"அந்தக் கவர தொடாதடா! கீழ போடச் சொல்லு!"

மகன் கௌதமன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பழுப்பு உறை முருங்கை மரத்தடியில் விழுந்தது. அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுத்தான் அவள் புருஷனின் தலைமாட்டுக்குத் திரும்பினாள்.

வள்ளிநாயகி பால்காரனையும் நம்பமாட்டாள், பாலையும் நம்பமாட்டாள். கிருத்திகைக்குக் கிருத்திகை கோயில் மலைப்படி ஏறுவாள். அங்கே கொடுக்கிற விபூதியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பூசுவாள். முட்டிவலிக்காரரான புருஷன் வரதராஜன் கீழேயே நின்றுவிடுவார். அப்படிப்பட்டவளுக்கு, அனுப்பியவர் பெயரில்லாமல் மாதாமாதம் தபால் வந்தால் சும்மா விடுவாளா?

உள்ளே கடுதாசி கிடையாது. அட்டையில் ஒட்டிய படம். காலண்டர் தாளில் வெட்டிய, முகமில்லாத ஒரு பொம்பளை. அவளுக்குச் சுற்றியிருந்தது, பொங்கலன்று கொடியிலிருந்து காணாமல் போன வள்ளிநாயகியின் நீலப் புடவைத் துண்டு. காலுக்குக் கீழே வெள்ளிக் காகிதப் பட்டைகள், கத்தி கத்தியாக. கட்டின துணியை எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்பது அவள் கேள்விப்படாததா? உறையில் அரக்கோணம் முத்திரை. அரக்கோணத்தில் இருப்பது யார்? ஓரகத்தி தேவகி. பொங்கலுக்கு வந்து தங்கிப் போனது யார்? அதே தேவகி.

வந்ததையெல்லாம் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். வரதராஜன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ரயில்வேயில் சிக்னல் பார்த்த மனுஷர். பேச்சுக்கு அவரிடம் எப்போதும் பஞ்சம்.

"இன்னா படமாம் அது?" என்று ஒருதரம் கேட்டார்.

"ஆங், எனக்கு வச்சிகிற சூனியம். எல்லாம் உங்க தம்பி பொண்டாட்டி வேல."

"தேவகி மேல பழி போடாத" என்றதோடு சரி. அடுத்த மாதமும் தபால் வந்தது.

இப்போது தேவகி மாலையும் கையுமாக வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். அவள் உள்ளே வரக்கூடாது, வாய்க்கரிசி போடக்கூடாது என்று வள்ளிநாயகி மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தனக்கு வைத்தது புருஷனைத் தாக்கிவிட்டது என்பது அவள் முடிவு.

"எம்மா, குளிப்பாட்டணும். நைனா மோதிரத்த கழட்டிடு" என்றான் கௌதமன்.

சோப்பைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாதாமாதம் போகிறமாதிரிதான் முந்தாநாளும் அவர் மாத்திரை வாங்க அரக்கோணம் போனார். திரும்பி வந்து காய்ச்சலென்று படுத்தவர், குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இன்று விடியற்காலை போய்விட்டார்.

மோதிரம் கழன்று வந்துவிட்டது. அவர் கட்டைவிரலில் ஏதோ சொரசொரத்தது. காய்ந்த பசை. நகத்தால் கொஞ்சம் உரித்தாள். கூடவே ஒரு நூல் வந்தது. நீல நூல்.

அவள் அந்தக் கையை விடவில்லை. ஜன்னலில் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள் கிடந்தன. அவற்றின் பின்பக்கத்து வெள்ளிக் காகிதம் பட்டை பட்டையாக உரிக்கப்பட்டிருந்தது.

போன வருஷம் அவளே சண்டை பிடித்திருந்தாள். "எல்லாத் தபாலும் உங்க பேருக்கே வருது. எம்பேருக்கு ஒரு கடுதாசி வந்துகிதா, இத்தன வருஷத்துல?" தபால் வரத் தொடங்கியது இந்தப் பொங்கலுக்கு அப்புறம்தான்.

எழுந்து முருங்கை மரத்தடிக்குப் போனாள். எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு உறையைப் பிரித்தாள். அதே பொம்பளை, அதே பட்டைகள். இந்தத் தரம் அடியில் ஒரு வேட்டி கட்டிய ஆளும் இருந்தார். படத்தோடு கேட்டுக்குப் போனாள். தேவகி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"தேவகி, இது இன்னா படம்னு நீ பார்த்துச் சொல்லு."

தேவகி பயந்துகொண்டே வாங்கினாள். "கோயில் மலப் படிக்கட்டுக்கா. நீலப் புடவ கட்டிகினு ஒருத்தி மேல ஏறிகினுகிறா. கீழ ஒருத்தர் முட்டிய புடிச்சிகினு நிக்கிறாரு... உங்க ஊட்டுக்காரரு, பாவா மாதிரிகீது. அவளுக்கு மூஞ்சிதான் இல்ல."

"காலண்டர்ல என் மூஞ்சி எங்க கெடைக்கும் அவருக்கு?" என்றாள் வள்ளிநாயகி. பிறகு கேட்டைத் திறந்தாள். "உள்ள வா. அரிசி போடு."

குளிப்பாட்ட வந்தவர்கள் கையைத் தேய்க்கக் குனிந்தார்கள்.

"அந்தக் கட்டவெரல மட்டும் தேய்க்காதீங்க" என்றாள்.