மிட்டாய் காவல் காத்த பிரியாணி

1

முந்தாநாள் எங்கள் வீட்டில் ஒரு கோழி, பிரியாணி சமைத்தது. அதன் வாசனை கடலோரமாகப் போய் எதிரே இருக்கும் வைப்பின் தீவின் கரையில் ஏறியது. அங்கே வண்டிகளை ஏற்றக் காத்து நின்ற ஜங்கார் படகு, ஒரு சைக்கிளைக்கூட ஏற்றாமல், ஓட்டுநரையும் கேட்காமல், தானாகவே இந்தக் கரைக்கு வந்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் முகமது இஸ்மாயில். மட்டாஞ்சேரிக்காரன். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன். நான் எது சொன்னாலும் இந்தத் தெருவில் பாதியாக்கி, அந்தப் பாதியையும் அலசிப் பிழிந்துதான் எடுத்துக்கொள்வார்கள். கோழி விஷயத்தைச் சாயாக்கடையில் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் சாயாவைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். கடைக்கார ரமேஷ்பாபு மட்டும் சிரிக்கவில்லை.

"ஜுமைலாத்தா சொல்லட்டும் இக்கா. அவங்க சொன்னா ஆனை சாயா போட்டுச்சுன்னாலும் நான் நம்புவேன்," என்றான்.

ஜுமைலா என் மனைவி. கோழி சமைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நானும் அவளும் மட்டும்தான். அவளோ, "அப்படி ஒண்ணும் நடக்கலை" என்கிறாள்.

நடந்தது என்று அவள் வாயால் சொன்னால் ஒரு கழுத்து தப்பிக்கும். ஆகவே இந்தக் கதை ஒரே ஒரு வாசகிக்காக எழுதப்படுகிறது. நீங்கள் எல்லாரும் சாட்சிக்கு.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். அதனால் எழுத எழுத உரக்கப் படித்துக் காட்டுகிறேன். அவள் அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்கிறாள். குறுக்கே அவள் பேசுவதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன்.

("ஜங்காருக்கு ஏது மூக்கு? முதல்ல அதை வெட்டுங்க.")

வெட்ட மாட்டேன்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று பல விதமாகப் பார்த்தேன்.

"துலா மாத மழை இடி இடித்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், தாய்மையின் ஏக்கம் ததும்பும் இரு விழிகள்—"

("யாரோட விழி?" கோழியோடது. "அது முட்டையே போடலை. என்ன தாய்மை?" அடித்துவிட்டேன்.)

"பிரியாணியின் வரலாற்றை ஆராயும்போது—"

("ஆராய்ஞ்சது போதும். மதி.")

சரி, நேராகவே போகிறேன்.

கோழியின் பெயர் மிட்டாய். என் மகள் ஹிஸானாவும் மருமகன் ஷமீலும் ஆலுவாவில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய மகள் ஃபிதா, இரண்டாம் வகுப்பு. பூஜை லீவுக்கு இங்கே வரும்போது பிளாஸ்டிக் கூடையில் துணியைப் போட்டு மிட்டாயையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.* லீவு முடிந்தால் மிட்டாய் திரும்பிப் போக முடியாது. பால்கனியில் கோழி வளர்க்கக் கூடாது என்று ஃபிளாட் அசோசியேஷன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"அப்போ இங்கேயே இருக்கட்டும் நன்னிமா," என்று பாட்டியிடம் கேட்டாள் ஃபிதா.

"இங்கே எதுக்கு? முட்டை போடுதா? இல்லை. வெங்காயக் கூடை மேல ஏறி அடை உக்காந்துக்கிட்டு, ஒரு வெங்காயம் எடுக்கப் போனா சண்டைக்கு வருது. இந்த வீட்டுக்கு அது ஒரே ஒரு உபகாரம் பண்ணிச்சுன்னு யாராவது காட்டுங்க. சாகற வரைக்கும் வச்சுச் சோறு போடறேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை குழம்பு."

ஜுமைலா பேச்சு மாறுகிறவள் அல்ல. சொன்னால் வைத்துக்கொள்வாள், சொன்னால் அறுத்தும்விடுவாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் இப்போது அரிந்துகொண்டிருக்கும் வெங்காயம் நாளைய குழம்புக்கு.

* கூடையில் கோழியோடு வந்த கணக்குப் புத்தகம் மட்டும் இந்த வீட்டில் தங்கவில்லை. பூஜைக்கு வைத்த புத்தகத்தைத் திரும்ப எடுக்கும்வரை படிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி டீச்சர் சொன்னாராம். ஃபிதா ஓடிப்போய் முதல் ஆளாக அதை டீச்சர் வீட்டுப் பூஜைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

3

இந்தக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. மிட்டாயைத் தைரியசாலி என்று எழுதலாமா? பார்க்க அப்படித் தெரியாது. மண் நிறம், ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை, யாரோ கூப்பிட்டு எதற்கென்று சொல்லாமல் போய்விட்டதைப் போன்ற முகம். ஆனால் அடை உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். முட்டை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு, என் வெற்றிலைச் செல்லம், உருண்டையாக எது கிடைத்தாலும் அதன் மேல் உட்கார்ந்து, உடம்பைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு, 'கொர்ர்ர்' என்று உறுமும். புலி தோற்றுவிடும்.

("புலி வேண்டாம். பூனைன்னு போடுங்க.")

புலி இருக்கட்டும்.

அடையைக் கலைக்க ஒரு வழி உண்டு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான்: கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பது. வயிற்றுச் சூடு தணிந்தால் அடை மறந்துவிடும். வியாழக்கிழமை காலையில் ஜுமைலா அதைத்தான் செய்தாள். வாளித் தண்ணீரில் இரண்டு முக்கு. மிட்டாய் நனைந்த துடைப்பம் மாதிரி எழுந்து, ஜுமைலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடுங்கிக்கொண்டே போனது.

இந்தக் கதையில் பிழை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். நனைந்த கோழி சும்மா இருக்குமா? வீட்டிலேயே எங்கே சூடு அதிகம் என்று தேடும்.

("ஓ, தப்பு என் மேலயா இப்போ?")

இரு, இன்னும் இருக்கிறது.

4

வியாழக்கிழமை மத்தியானம் சம்பந்தி ஷபானா ஆலுவாவிலிருந்து விருந்துக்கு வந்தார். ஷமீலின் அம்மா. தங்கமான மனுஷி. போன தடவை எங்கள் வீட்டு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, "அரிசி இன்னும் கொஞ்சம் வேகணுமோக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜுமைலாவுக்குத் தூக்கம் இல்லை.

உண்மையைச் சொன்னால், எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே ஜுமைலாவின் பிரியாணியில் மேல் அரிசி நறுக்கென்று இருக்கும், அடி அரிசி குழைந்திருக்கும். மற்ற எதையும் அவள் போல யாரும் சமைக்க முடியாது. அவள் வைக்கும் 'மீன் மொளகிட்டது' என்ற குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கும்பளங்கி மீன்கள் தாங்களே வரிசையில் வந்து—

(அடித்துவிட்டேன். அவள் கேட்பதற்கு முன்னாலேயே.)

பிரியாணி மட்டும் சரியாக வராது. அரிசிக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பாள். கடல் காற்றின் ஈரம் என்பாள். ஒரு தடவை ரம்ஜான் பிறையைக்கூடக் குற்றம் சொன்னாள்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். இதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். தம் போடும்போது மூடியின் விளிம்பைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து ஒட்டுவார்கள், ஆவி வெளியே போகாமல் இருக்க. நேரம் ஆகும்வரை யாரும் திறக்கக் கூடாது. "திறக்கற கையை வெட்டுவேன்" என்று இந்த வீட்டில் சத்தம் போடுகிறவள் ஜுமைலா. யாரும் பார்க்காதபோது மாவை நகத்தால் நெம்பி, மூடியை ஒரு விரல் தூக்கி, வாசனை பார்த்துவிட்டு, எச்சில் தொட்டு மாவைத் திரும்ப ஒட்டுகிறவளும் அதே ஜுமைலாதான். ஒரு தடவை அல்ல. போக வர.

(வெங்காயம் அரியும் சத்தம் நின்றுவிட்டது.)



("யாரு திறந்தது?"

"நீதான்."

"நீங்க எங்கே இருந்து பாத்தீங்க?"

"குளியலறை ஜன்னல்."

"எத்தனை வருஷமா?"

"ஜன்னல் வச்ச நாள்லேர்ந்து."

"எச்சில் இல்லை. தண்ணி தொட்டுத்தான் ஒட்டினேன். எழுதறதைச் சரியா எழுதுங்க.")

திருத்தம்: தண்ணீர் தொட்டு.

5

வியாழக்கிழமை நடந்தது இதுதான். இங்கே மிகைப்படுத்தவில்லை, தேவைப்படவில்லை.

விறகெல்லாம் மழையில் நனைந்துவிட்டதால் காஸ் அடுப்பில் தம் போட்டாள். ஆட்டுக்கறி, கைமா என்கிற பிரியாணி அரிசி. தீயை அணைத்த பிறகு பெரிய பிரியாணி அண்டாவை, எங்கள் பேச்சில் செம்பை, நாங்கள் இரண்டு பேருமாக இறக்கி, அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் வொர்க் ஏரியாவின் தரையில் வைத்து, பழைய சாக்கும் கம்பளியும் போட்டுப் போர்த்தினோம். ஷபானா முன்னறையில். ஃபிதா கமலாக்ஷி டீச்சர் வீட்டில், தன் கணக்குப் புத்தகம் பத்திரமாக மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தாள்.

மழை வலுத்தது. ஜுமைலா நைசாகப் பின்பக்கம் போனாள். நான் நைசாகக் குளியலறைக்குப் போனேன்.

கம்பளியின் மேல் மிட்டாய்.

இறக்கை இரண்டையும் விரித்து, வயிற்றை அழுத்தி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய, அவ்வளவு சூடான முட்டையை அது ஆயுளில் பார்த்ததில்லை.

"ஏய், போ," என்றாள் ஜுமைலா.

கொர்ர்ர்.

கையை நீட்டினாள். கொத்தியது. முறத்தால் விசிறினாள். முறத்தைக் கொத்தியது. ஒரு பிடி அரிசியைத் தள்ளிப் போட்டு, "பா, பா, பா" என்று குழைந்தாள். அடை உட்கார்ந்த கோழிக்கு அரிசி எதற்கு? கடைசியில் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டாள். "ஒரே ஒரு தடவை. வாசனை மட்டும் பாத்துக்கறேன். உன் பக்கமா வேண்டாம், அந்தப் பக்கமா." மிட்டாய் கழுத்தை நீட்டி அவள் புறங்கையில் இன்னொன்று கொடுத்தது.

"ஏங்க! இங்கே வாங்க!"

போனேன். துண்டைப் போர்த்தி ஒரே தூக்கில் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. "ஐயோ, எனக்குப் பயமா இருக்கு," என்றேன். படகுத்துறையில் பெருநாள் கூட்டத்தைச் சமாளித்தவன் நான்.

அப்படியே விட்டுவிட்டுச் சம்பந்தியோடு பேசப் போனோம். மழை விட்ட பிறகுதான் மிட்டாய் தானாக எழுந்து, சோம்பல் முறித்து, தண்ணீர் குடிக்கப் போனது. அதன் பிறகுதான் திறந்தோம்.

ஒவ்வொரு அரிசியும் தனித்தனி. மேலே இருந்தது அடியில் இருந்தது எல்லாம் ஒரே வேக்காடு. ஷபானா மூன்றாவது தடவை தட்டை நீட்டியபோது ஜுமைலா எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

(அவள் புறங்கையைப் புடவையில் மறைத்துக்கொண்டிருக்கிறாள். அது என்ன காயம் என்று நேற்று ஃபிதா கேட்டதற்குக் கடுகு தெறித்தது என்றாள்.)

6

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: நாளைக்குக் குழம்பு. ஃபிதா சாப்பிட மாட்டாள். நானும் சாப்பிட மாட்டேன். (கொஞ்சம் சாறு மட்டும்—) வேண்டாம், இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு: மிட்டாய் இரவோடு இரவாகத் தப்பித்து ஜங்காரில் ஏறி, டிக்கெட் எடுக்காமல் வைப்பினுக்குப் போய், அங்கே ஒரு ஓட்டல் திறக்கிறது. எனக்குப் பிடிக்கிறது. வேறு யாருக்கும் பிடிக்காது.

மூன்றாவதை நான் எழுத முடியாது. அது ஜுமைலாவிடம் இருக்கிறது. அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே போட்டுப் பேனாவை மூடிவிடுகிறேன்.

("நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. கோழி அந்தப் பக்கம் எங்கேயோ இருந்துச்சு. பிரியாணி என் கைப்பக்குவம்.")

ஃபிதா கதவோரம் மிட்டாயை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அழவில்லை. கோழியின் கொண்டையை நிமிர்த்தி நிமிர்த்தி விடுகிறாள். அது சாய்ந்து சாய்ந்து விழுகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. ஷபானா.

"ஸ்பீக்கர்ல போடுங்க, கையெல்லாம் வெங்காயம்," என்கிறாள் ஜுமைலா.

"அக்கா, நேத்து நீங்க சொன்ன மாதிரியே பிரியாணி வச்சேன். மேலே பல்லை உடைக்குது, அடியில கஞ்சி. நாளைக்கு என் அண்ணன் வீட்டுல எல்லாரும் விருந்துக்கு வராங்க. என்னமோ ஒண்ணை எங்கிட்ட மறைக்கிறீங்க."

"நான் மறைக்கிறேனா? பக்குவத்தை ஒளிச்சு வைக்கிற ஆளா நான்?"

"பின்னே ஏன் எனக்கு வரலை?"

ஜுமைலா கத்தியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கதவோரம் பார்த்தாள்.

"ஷபானா, நடுவுல மூடியைத் திறந்தியா?"

ஆலுவாவின் மழைச் சத்தத்துக்கு நடுவே ஷபானாவின் குரல் தணிந்தது.

"கொஞ்சமாத்தான்க்கா. வாசனை பாக்க."

"நானும் திறப்பேன்," என்றாள் ஜுமைலா. இந்த வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "எப்பவும் திறப்பேன். அன்னிக்குத் திறக்க முடியலை. ஃபிதாவோட கோழி செம்பு மேல ஏறி உக்காந்துடுச்சு. கையைக் கொத்தி விரட்டிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணலை."

ஷபானா விழுந்து விழுந்து சிரித்தார். "இஸ்மாயில் அண்ணன் எழுதிக் குடுத்துப் பேசறீங்களாக்கா? அன்னிக்கு வாசல்ல நின்னு, வாசனைக்கு ஜங்கார் தானா வந்துச்சுன்னு சொன்னாங்களே, அந்த மாதிரியா?"

ஜுமைலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து, வெங்காயக் கையோடு போனைப் பிடுங்கிக்கொண்டு, மிட்டாய் திடுக்கிட்டுக் கழுத்தை நீட்டும் அளவுக்குக் கத்தினாள்:

"ஜங்கார் வந்தது பொய், ஷபானா. கோழி நெசம்."